காலை வாந்தி, கோணும் கையெழுத்து: ஷண்ட் பொருத்திய குழந்தை நம் வகுப்பில்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். ஆவடியை அடுத்த எங்கள் பள்ளியில் காலை உணவு பரிமாறிக்கொண்டிருந்தோம். நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று புதன்கிழமை, பொங்கல். அவளுக்கு மிகவும் பிடித்தது. “தல வலிக்குது டீச்சர்” என்றாள். சிறிது நேரத்தில் கை கழுவும் இடத்தில் வாந்தி எடுத்தாள். மழை தொடங்கிய அக்டோபர் மாதம். வகுப்பில் பாதிப் பேருக்குச் சளியும் காய்ச்சலும். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. பதினொரு மணிக்கெல்லாம் சரியாகிவிட்டாள். மதியம் தோழிகளோடு விளையாடவும் செய்தாள். மறுநாளும் அதே தலைவலி, அதே வாந்தி, பதினொரு மணிக்கு அதே தெளிவு. எங்கள் வகுப்பில் முதல் பாடவேளை கணக்கு. கணக்கில் அவள் எப்போதுமே பின்தங்கியவள். எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதைச் சக ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த வாரம் அவள் கையெழுத்தும் மாறியிருந்தது. முன்பும் எழுத்துகள் பெரிதாகத்தான் இருக்கும். ஆனால் கோட்டில் நிற்கும். இப்போது வரி கீழ்நோக்கிச் சரிந்தது. கரும்பலகையைப் பார்த்து எழுதியதில் பாதிச் சொற்கள் இல்லை. குறிப்பேட்டில் சிவப்பு மையால் ‘கவனம் தேவை’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன். வெள்ளிக்கிழமை அவள் பெஞ்சில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். எழுப்பினால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். அம்மா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போயிருந்ததால் வீட்டிலிருந்து ஆயாவை வரவழைத்தோம். ஆயா வந்து அவள் தலையைத் தடவியபடியே சொன்னார்: “சின்னப் புள்ளயில தலையில டியூப் வெச்சாங்க டீச்சர். சொன்னா ஸ்கூல்ல சேத்துக்க மாட்டாங்கன்னு சொல்லல.” வாந்திக்கு முந்தின நாளே ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். அங்கேயும் டியூப் பற்றிச் சொல்லவில்லை. சிரப் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அன்று இரவே அறுவை சிகிச்சை நடந்தது. குழாயின் மேல்முனை அடைத்திருந்ததாம். மூன்று வாரம் கழித்து மொட்டைத் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். பழையபடி ஓயாமல் பேசினாள். ஆனால் வலது கண்ணின் பார்வை குறைந்துவிட்டது. தலைக்குள் அழுத்தம் ஏறி நின்ற நாள்களில் பார்வை நரம்பு பாதிக்கப்பட்டதாக மருத்துவர் சொன்னாராம். அந்த நாள்களில் மூன்று நாள், காலை முதல் மாலை வரை, அவள் என் கண் முன்னால் இருந்தாள். அதன் பிறகு இதைப் பற்றிப் படித்ததையும் மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

தலைக்குள் ஒரு வடிகால்

பத்தாம் வகுப்பு அறிவியலில் மூளைத் தண்டுவடத் திரவம் பற்றி நடத்துகிறோம். வளர்ந்த ஒருவருடைய மூளையும் தண்டுவடமும் சேர்ந்து ஒரு நேரத்தில் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் திரவத்தில் மிதக்கின்றன. ஆனால் ஒரு நாளில் சுரப்பது ஏறத்தாழ அரை லிட்டர். அதாவது பழைய நீர் ரத்தத்தில் உறிஞ்சப்பட்டுப் புது நீர் வந்துகொண்டே இருக்கிறது. போகும் வழி அடைபட்டாலோ, உறிஞ்சப்படுவது குறைந்தாலோ மூளையின் உள்ளறைகளில் நீர் தேங்கி மூளையை அழுத்தும். இதுவே ஹைட்ரோகெஃபாலஸ், நம் பக்கம் ‘தலையில் நீர் கோர்ப்பது’ என்பார்கள். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வரும். முதுகெலும்பு மூடாமல் பிறக்கும் ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளில் பலருக்கு இது உண்டு. குறைமாதத்தில் பிறந்து மூளைக்குள் ரத்தக் கசிவு ஏற்பட்டவர்களுக்கும், மூளையில் கட்டி உள்ளவர்களுக்கும் வரலாம். நம் நாட்டில் காசநோய் மூளைக்காய்ச்சலும் ஒரு முக்கியக் காரணம். அந்த நோயாளிகளில் யாருக்கு ஷண்ட் எந்த அளவு பயன் தரும் என்பதைக் கணிக்க, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1991இல் வெளியிட்ட தரவரிசை இன்றும் ‘வேலூர்’ என்ற பெயராலேயே வழங்குகிறது.

தேங்கும் நீரை வேறு வழியில் இறக்கிவிடும் மெல்லிய சிலிக்கான் குழாய்தான் ஷண்ட். ஒரு முனை மூளையின் உள்ளறையில் இருக்கும். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு சிறு வால்வு. அங்கிருந்து கழுத்து, மார்பு வழியாகத் தோலுக்கடியிலேயே இறங்கி வயிற்றுக்குள் முடியும். நீர் அங்கே தானாக உறிஞ்சப்பட்டுவிடும். வெளியே எதுவும் தெரியாது. எண்ணெய் தேய்த்துச் சடை பின்னிவிட்டால் காதுக்குப் பின்னால் உள்ள புடைப்பும் மறைந்துவிடும்.

இந்த வால்வின் வரலாற்றில் இரண்டு தந்தையர் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஜான் ஹோல்டர், ஸ்பைனா பைஃபிடாவோடு பிறந்த தன் மகனுக்காக ஒரு வால்வைச் செய்தார். அறுவை மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸின் பெயரும் சேர்ந்து, 1956 முதல் அது ஸ்பிட்ஸ்-ஹோல்டர் வால்வாகப் பயன்பாட்டுக்கு வந்தது. மற்றவர் நம் பள்ளி நூலகங்களில் ‘சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி’, ‘மடில்டா’ கதைகளால் அறியப்பட்ட ரோல்ட் டால். 1960 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு டாக்ஸி மோதி, அவருடைய நான்கு மாதக் கைக்குழந்தை தியோவுக்குத் தலையில் நீர் கோர்த்தது. பொருத்திய குழாய் திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டது. டால், பொம்மை விமானங்களுக்கு நுண்ணிய பம்புகள் செய்துவந்த ஸ்டான்லி வேட் என்பவரையும், லண்டன் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் கென்னத் டில் அவர்களையும் சேர்த்துக்கொண்டு, எளிதில் அடைக்காத ஒரு வால்வை 1962இல் உருவாக்கினார். அதற்குள் தியோ தேறிவிட்டதால் அவனுக்கு அது தேவைப்படவில்லை. உலகெங்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குப் பயன்பட்டது. மூவரும் அதில் லாபம் எடுக்கவில்லை.

நம் நாட்டில் பரவலாகப் பொருத்தப்படுவது உத்தரப் பிரதேசம் ஷாஜஹான்பூரில் தயாராகும் சாப்ரா ஷண்ட். ‘விலை குறைந்தது, அதனால்தான் அடைத்துக்கொண்டது’ என்று பெற்றோர் சிலர் தங்களையே நொந்துகொள்வதைக் கேட்டிருக்கிறேன். உகாண்டாவில் 195 குழந்தைகளிடம் நடத்தி 2005இல் வெளியான ஆய்வு, 35 டாலர் விலையுள்ள சாப்ரா ஷண்டையும் 650 டாலர் விலையுள்ள வெளிநாட்டு ஷண்டையும் ஒப்பிட்டது. ஓராண்டு முடிவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எந்த ஷண்டும் அடைக்கும் என்பதே உண்மை. வால்வு வகைகளை ஒப்பிட்டு 1998இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், முதன்முறை ஷண்ட் பொருத்திய குழந்தைகளில் பத்தில் நால்வருக்கு ஓராண்டுக்குள்ளும், ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இரண்டாண்டுக்குள்ளும் அது செயலிழந்தது. அதன் பிறகும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. குழந்தை வளர வளரக் குழாய் நீளம் போதாமல் போகலாம். பழைய குழாய் சுண்ணம் படிந்து கழுத்துப் பகுதியில் முறியலாம். கைக்குழந்தையில் வைத்த ஷண்ட் ஏழாம் வகுப்பில் நின்றுபோவதும் உண்டு. ‘பத்து வருஷமா ஒண்ணும் ஆகல’ என்பதை நாம் உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வகுப்பறையில் தெரியும் அறிகுறிகள்

கைக்குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் முழுதாக இணைந்திருக்காது. அதனால் நீர் கோர்த்தால் தலை பெரிதாகும். இந்தப் படம் நம் மனத்தில் பதிந்துவிட்டதால், தலை இயல்பாக இருக்கும் பள்ளிப் பிள்ளையிடம் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. பள்ளி வயதில் எலும்புகள் இணைந்துவிட்டன. நீருக்கு விரிய இடமில்லை. முழு அழுத்தமும் மூளையின் மேல்தான். இரவெல்லாம் படுத்திருக்கும்போது அழுத்தம் கூடுகிறது, எழுந்து நடமாடினால் சற்றுக் குறைகிறது. அதனால்தான் தலைவலியும் வாந்தியும் காலையில் கடுமையாக இருந்து பதினொரு மணிக்குத் தணிகின்றன. பள்ளிக்கு வர மறுக்கும் பிள்ளையின் ‘வயிற்றுவலி’யும் இதே நேரக்கணக்கில்தான் வந்து போகும் என்பது நம் சங்கடம். நல்ல வேளையாக, காலை உணவுத் திட்டத்தால் இப்போது தொடக்கப் பள்ளிகளில் பிள்ளை காலையில் சாப்பிடுகிறதா, வாந்தி எடுக்கிறதா என்பது நம் கண்ணிலேயே படுகிறது. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை, ஆனால் தலைவலியோடு வாந்தி என்றால், ஷண்ட் உள்ள பிள்ளையைப் பொறுத்தவரை அது வேறென்று உறுதியாகும்வரை ஷண்ட் கோளாறுதான்.

தூக்கம் இதைவிட முக்கியமானது. நம் வகுப்புகளில் மதியம் மூன்று மணிக்குத் தூங்கி விழாத பிள்ளை குறைவு. நான் சொல்வது அந்தத் தூக்கத்தை அல்ல. வழக்கமாகத் தூங்காத நேரத்தில் தூங்குவது, எழுப்பினால் முழுதாக விழிக்காமல் மறுபடி கண் மூடுவது, கேட்ட கேள்விக்கு நெடுநேரம் கழித்துப் பதில் சொல்வது: இவை அழுத்தம் ஆபத்தான அளவை எட்டுகிறது என்பதற்கான அடையாளங்கள். இந்த நிலையில் பிள்ளையை ‘கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும்’ என்று ஆசிரியர் அறையில் படுக்கவைப்பதுதான் நாம் செய்யக்கூடிய மிக மோசமான உதவி.

கண்களையும் பாருங்கள். இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று சொல்லலாம். புதிதாக மாறுகண் தோன்றலாம். மேல்நோக்கிப் பார்க்க முடியாமல் விழிகள் கீழிறங்கி நிற்கலாம். நிறைய பிள்ளைகள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையைப் பார்ப்பார்கள், தலையைச் சாய்த்து எழுதுவார்கள். நடையில் தள்ளாட்டம் வரலாம். படியேறும்போது கைப்பிடியைத் தேடும் பிள்ளையை உடற்கல்வி ஆசிரியர் நமக்கு முன்பே கவனித்திருப்பார். கழுத்து வலி, புதிதாக வலிப்பு, கட்டுப்பட்டிருந்த சிறுநீர் மறுபடி ஆடையில் போவது ஆகியவையும் இந்த வரிசையில் சேரும். ஸ்பைனா பைஃபிடா உள்ள பிள்ளைக்குக் கால் வலிமை குறைவதோ முதுகுவலி கூடுவதோகூட ஷண்ட் கோளாறின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

மெதுவாக, வாரக்கணக்கில் அடைக்கும் ஷண்டும் உண்டு. அங்கே வாந்தி இருக்காது. மதிப்பெண் சரியும், கோபம் வரும், நேற்றுச் சொன்னது இன்று நினைவில் இருக்காது. இதை வீட்டார் ‘வயசுக் கோளாறு’ என்பார்கள். நாம் ‘படிப்பில் ஆர்வமில்லை’ என்போம். இங்கேதான் ஆசிரியரின் பதிவு மருத்துவருக்கு நேரடியாகப் பயன்படும். ஜூலை மாதக் கட்டுரை நோட்டையும் அக்டோபர் மாத நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தெரியும் மாற்றம் ஒரு சான்று.

இதில் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். ஹைட்ரோகெஃபாலஸ் உள்ள பல பிள்ளைகளுக்கு ஷண்ட் நன்றாக வேலை செய்யும்போதே கணக்கு கடினம், கவனம் நிலைக்காது, கையெழுத்து கோணலாக இருக்கும். அதே பிள்ளை வாய் ஓயாமல், பெரியவர்கள் போலப் பேசும். ‘இவ்வளவு பேசத் தெரியுது, கழித்தல் கணக்கு மட்டும் வராதா?’ என்ற எரிச்சல் நமக்கு வருவது அதனால்தான். இந்த நிலையான இடர்ப்பாட்டையும் புதிதாக வந்த சரிவையும் பிரித்தறிவதற்கு, பிள்ளை நலமாக இருக்கும்போது எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பயனில்லை. சென்ற மாதத்து அவளோடுதான் அவளை ஒப்பிட வேண்டும். என் மாணவியிடம் நான் தவறவிட்டது இதைத்தான்.

ஷண்டில் தொற்று ஏற்பட்டால் காய்ச்சல் வரும். குழாய் போகும் வழியில் காதுக்குப் பின்னால், கழுத்தில், மார்பில் சிவப்பு, வீக்கம், வலி தெரியும். வயிறு வலிக்கலாம். அறுவை முடிந்த முதல் சில மாதங்களில்தான் இது அதிகம் நேர்கிறது. இன்னொரு பக்கம், நீர் அளவுக்கு அதிகமாக வடிந்துவிட்டாலும் தலைவலி வரும். அது நேர்மாறாக, எழுந்து நின்றால் கூடும், படுத்தால் குறையும். இரண்டையும் மருத்துவர் பார்க்க வேண்டும். படுத்தால் கூடியதா, நின்றால் கூடியதா என்று நாம் குறித்து அனுப்பினால் அவருக்கு உதவியாக இருக்கும். கடும் மலச்சிக்கலும் வயிற்றுக்குள் அழுத்தத்தைக் கூட்டி வடிதலைத் தடுக்கலாம். பள்ளிக் கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டு நாள் முழுதும் அடக்கிவைக்கும் பெண் பிள்ளைகளை இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

சந்தேகம் வந்தால்

பெற்றோரை உடனே அழையுங்கள். ‘போன தடவை எப்படித் தொடங்கியது?’ என்று கேளுங்கள். ஒரு குழந்தைக்கு ஷண்ட் அடைக்கும்போது பல முறை அதே அறிகுறிகளே திரும்ப வரும். ‘என்னன்னு சொல்லத் தெரியல, ஆனா இவ சரியில்ல’ என்று ஒரு தாய் சொன்னால், அதை அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சில குழந்தைகளுக்கு ஷண்ட் அடைத்திருந்தும் ஸ்கேனில் மாற்றம் தெரியாது என்பதை மருத்துவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

பிள்ளை தெளிவாகப் பேசி நடந்தாலும் அன்றே, மூளை நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். முன்பு அறுவை செய்த இடமாக இருந்தால் இன்னும் நல்லது. மயக்கமான தூக்கம், வலிப்பு, தொடர் வாந்தி இருந்தால் பெற்றோர் வரும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள். ‘குழந்தைக்குத் தலையில் ஷண்ட் இருக்கிறது’ என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அந்த நிலையில் பிள்ளையை ஸ்கூட்டரில் நடுவில் உட்காரவைத்தோ, ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரலுக்கோ கூட்டிப்போக விடக் கூடாது. உணவோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். அன்றே மயக்க மருந்து கொடுக்க நேரலாம். கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டாள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். காதுக்குப் பின்னால் உள்ள வால்வை அழுத்திப் பார்க்காதீர்கள். பாராசிட்டமால் கொடுத்து மாலைவரை பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை மூன்றையும் ஒரே பையில் வைத்திருக்கும்படி வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

போனபின் வரும் தகவலிலும் ஒரு விஷயம். ‘ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டாங்க’ என்று திரும்பி வந்த பிள்ளைக்கு மறுநாள் மறுபடி வாந்தி வந்தால், மறுபடி அனுப்புங்கள். நூறு முறை வீண் அலைச்சலாகப் போகட்டும்.

யாருக்கு ஷண்ட் இருக்கிறது என்று தெரியாமல் இதில் எதுவும் நடக்காது. பெற்றோர் மறைப்பதற்குக் காரணம் இருக்கிறது: சேர்க்கையில் தயங்குவார்களோ, மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களோ, நாளை திருமணத்தில் பேச்சாகுமோ என்ற பயம். ‘உங்கள் குழந்தைக்கு ஏதாவது அறுவை நடந்திருக்கிறதா, தினமும் மருந்து உண்டா?’ என்று சேர்க்கையின்போது எல்லாப் பெற்றோரிடமும் பொதுவாக, தனியாக அழைத்துக் கேட்டால் பலர் சொல்கிறார்கள். எங்கள் பள்ளியில் அப்படிக் கேட்கத் தொடங்கியபின் இதய அறுவை நடந்த ஒரு பையனையும் வலிப்பு மருந்து சாப்பிடும் இரு பிள்ளைகளையும் தெரிந்துகொண்டோம். தெரிந்ததைத் தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், உடற்கல்வி ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர் ஆகியோருக்கு அப்பால் பேசக் கூடாது. வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநருக்கும் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவுக்கும் பெற்றோர் சம்மதத்தோடு சொல்லலாம்.

தெரிந்துவிட்டது என்பதற்காகப் பிள்ளையை மரத்தடியில் உட்காரவைத்துவிடாதீர்கள். ஓட்டம், கோகோ, நடனம் எல்லாம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு முடியும். தலையில் அடிபடக்கூடிய கபடி போன்றவற்றை மட்டும் அறுவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சில புதுவகை வால்வுகளின் அமைப்பைக் காந்தத்தால் மாற்ற முடியும். அவ்வகை பொருத்திய பிள்ளை அறிவியல் பெட்டியில் உள்ள காந்தத்தைக் காதருகே கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டால் போதும். தலையில் குட்டுவதும் காதைத் திருகுவதும் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தப் பிள்ளைக்குமே கூடாது. ஆனாலும் சில கைகளுக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்பதால் எழுதுகிறேன்.

என் மாணவி ஐந்தாம் வகுப்பை முடித்து இந்த ஜூன் மாதம் பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். மாற்றுச் சான்றிதழில் ஷண்ட் பற்றி எழுத இடமில்லை. அவள் அம்மாவின் சம்மதத்தோடு ஒரு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன். எந்தப் பக்கக் காதுக்குப் பின்னால் வால்வு இருக்கிறது, கடைசி அறுவை எந்த மாதம், எந்த மருத்துவமனை, அவளுக்குக் கோளாறு எப்படித் தொடங்கும், அம்மாவின் எண்ணும் ஆயாவின் எண்ணும், வலது கண் பார்வை குறைவு என்பதால் அவளை வகுப்பில் எங்கே உட்காரவைப்பது என்பன அதில் இருக்கின்றன. நான்காம் வகுப்பில் அவள் எழுதிய இரண்டு பக்கங்களின் நகலையும் இணைத்திருக்கிறேன்: ஒன்று ஜூலையில் எழுதியது, மற்றது அந்த அக்டோபர் வியாழக்கிழமை எழுதியது. பள்ளி திறக்கும் முதல் நாள் அங்கே நேரில் போய் ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் கொடுக்கப் போகிறேன்.